வீட்டுக்குப் போனால் வருகிற வருத்தம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்ததை யாராவது சொறி என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சொறி என்றால் சொறிந்தவுடன் ஒரு சுகமாவது இருக்கும். இதில் அதுவும் இல்லை. கண்ணிமை வீங்கி மூடிக்கொள்ளும். கழுத்து மடிப்பு வெடித்து நீர் வடியும். வடிந்தது காய்ந்து, தோல் மரப்பட்டை மாதிரித் தடித்து, வாயைத் திறந்தால் கன்னம் இழுக்கும். சிரிக்கவும் முடியாது, அழவும் முடியாது. அழுதால் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். என்னுடைய தோலுக்குள்ளேயே என்னை வைத்துத் தைத்துவிட்ட மாதிரிக் கிடந்தேன்.

இப்போது கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பேனை பிடிக்க விரல் மடிகிறது. அடங்கியிருக்கும்போதே எழுதிவிடவேண்டும் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இதே முகத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது என்ன என்று யாராவது சொல்லவேண்டும் அல்லவா?

வன்னியில், வட்டக்கச்சி ஊரில் வாய்க்கால் கரையோடு எங்கள் வயல். மேட்டு நிலத்தில் மிளகாயும் வெங்காயமும். என் கணவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்தவர், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வன்னிக்கு வந்தவர். அதனால் இவருக்கு மண் என்றால் உயிர். தொண்ணூறில் சண்டை மூண்ட பிறகு அரசாங்கம் யூரியா உரத்தை வன்னிக்குள் வர விடவில்லை. பசளை இல்லாத மிளகாய் மஞ்சள் பூத்து நின்றது. அப்போதுதான் இவருக்குத் தகப்பன் ஊரில் செய்த வேலை ஞாபகம் வந்தது. குழை தாழ்ப்பது. பச்சை இலை குழைகளை வெட்டிக்கொண்டு வந்து, மண்ணைக் கிண்டிப் புதைத்து, உக்கவிட்டுப் பசளையாக்குவது. ஆனால் பூவரசங்குழை எங்கே போதும்?

அந்த நாட்களில் எங்கள் றோட்டுக்கரை, வாய்க்கால் கரை எல்லாம் ஒரு புதுச் செடி முளைத்து நின்றது. எங்கிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் தெரியாது. இலை கரட் கிழங்கின் இலை மாதிரி. சின்னச் சின்ன வெள்ளைப் பூ. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். சனங்கள் கரட் குழை என்று பெயர் வைத்தார்கள். இவர் அதைத் தாழ்த்தார். மிளகாய் கறுத்து எழும்பியது! அயல் முழுக்க வந்து பார்த்தது. கமக்காரர் சங்கக் கூட்டத்தில் இவரை எழுப்பி விளக்கம் சொல்லச் சொன்னார்கள். அடுத்த போகத்தில் வட்டக்கச்சியில் பாதிப் பேர் கரட் குழை தாழ்த்தார்கள். என்னுடைய ஆள் கொஞ்ச நாள் நிலத்தில் கால் படாமல்தான் நடந்தார்.

தாழ்ப்பது ஆண்களின் வேலை. அதை வெட்டி, கட்டி, தலையில் சுமந்து வருவது எங்கள் வேலை. ஒரு போகம் முழுக்கச் சுமந்தேன். அடுத்த போகத்தில் கண்ணிமை கடிக்க, அதாவது அரிக்கத் தொடங்கியது.

வேப்பிலை அரைத்துப் பூசினேன். மஞ்சள் பூசினேன். அம்மாள் வருத்தம், அதாவது அம்மை நோய் என்று கோயிலுக்கு நேர்த்தி வைத்தேன். முகம் நாளுக்கு நாள் தடித்தது. துணுக்காயில் இருக்கிற மச்சாள், அதாவது இவருடைய தமக்கை, கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்தார். முற்றத்தில் நின்றபடியே என்னைப் பார்த்தார். படி ஏறவில்லை.

"மலர், கோவிக்காதை. உது குட்டரோகம் மாதிரிக் கிடக்கு."

"இன்னும் ஒரு டொக்டரும் அப்பிடிச் சொல்லேல்லை மச்சாள்."

"சொல்லும் வரைக்கும் பிள்ளையைப் பக்கத்திலை வைச்சிருக்கப் போறியோ? நான் கொண்டுபோறன். உனக்குச் சுகம் வந்தாப் பிறகு நானே கொண்டுவந்து விடுறன்."

எங்கள் மகள் சுகந்திக்கு அப்போது ஆறு வயது. இவர் கூரையைத் தாங்குகிற கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் தலையைத் தடவப் போனேன். மச்சாள் பார்த்த பார்வையில் கை தானாக மடங்கியது. பஸ்ஸுக்கு நடக்கும்போது பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்குப் பிறகு எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை. சுகம் வரவேண்டும், பிள்ளை வரவேண்டும். அவ்வளவுதான்.

கிளிநொச்சி ரவுணில் ஆஸ்பத்திரி. மலேரியாக்காரர் கட்டிலுக்கு இரண்டு பேராகக் கிடந்தார்கள். எனக்கு மட்டும் தனிக்கட்டில், விறாந்தையின் கடைசியில். யாரும் பக்கத்தில் படுக்க மாட்டோம் என்றார்கள். வந்த கோபத்துக்கு நல்லதென்று காலை நீட்டிப் படுத்தேன். ஆனால் பின்னேரம் சாப்பாடு கொண்டு வருகிறவர் கோப்பையை எட்டி நின்று வைத்துவிட்டுப் போனபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

தோலுக்கென்று தனியாகப் படித்த டொக்டர் அங்கே இல்லை. இருந்தவர் எல்லா வருத்தத்துக்கும் மருந்து கொடுக்கிற ஒரு இளம் டொக்டர். ஆனால் தோலில் ஏதாவது கண்டால் அவருக்குக் கடலைக்காரனைக் கண்ட பிள்ளை மாதிரி முகம் மலரும். வார்ட்டில் எல்லாரும் அவரை முதுகுக்குப் பின்னால் சொறி டொக்டர் என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

முதலில் குட்டமா என்று பார்த்தார். என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு நுனியால் கன்னத்திலும் கையிலும் தொட்டார்.

"தொடுறது தெரியுதோ அக்கா?"

"தெரியுது."

"இஞ்சை?"

"ஐயோ, தெரியுது! எரியுது!"

"குட்டம் எண்டால் அந்த இடத்திலை உணர்ச்சி செத்துப்போகும். உங்களுக்கு உணர்ச்சி கூடிப்போச்சு."

"அதை என்ரை மனுசனைக் கேட்டிருந்தால் எப்பவோ சொல்லியிருப்பார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். பிறகு தோடு போடுகிற காதுச் சோணையை இறுக்கிப் பிடித்துச் சின்னதாகக் கீறி, கசிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார். அதற்குச் சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்துக் குட்டக் கிருமி இருக்கிறதா என்று தேடுவார்களாம். இல்லை என்று வந்தது. நான் கட்டிலில் எழும்பி இருந்து கும்பிட்டேன். குட்டம் வந்தாலும் இப்போது மருந்துக் குளிசையில் மாறும், அதற்கு இவ்வளவு பயம் தேவையில்லை என்று டொக்டர் சொன்னார். அதை என் மச்சாளுக்கு யார் சொல்வது?

பிரெட்னிசொலோன் என்ற குளிசை தந்தார். ஸ்டீரொயிட் வகை. உடம்பின் கொதிப்பை அமத்தி வைக்கும், ஆனால் நெடுகக் குடித்தால் எலும்பைத் தின்னும், முகத்தை ஊதவைக்கும் என்று எச்சரித்தே தந்தார். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து முகத்தில் போட்டேன். பூசுகிற மருந்து தட்டுப்பாடு. வவுனியாவிலிருந்து யாரோ கொண்டுவந்த ஒரு சின்ன ரியூப்பைப் பொட்டு வைப்பது மாதிரித் தொட்டுத் தொட்டுப் பூசினார்கள். இரண்டு கிழமையில் முகத்தின் வீக்கம் வடிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். நான்தான்!

சந்தோசமாக வீட்டுக்குப் போனேன். பிள்ளையைக் கூட்டிவரச் சொல்லித் துணுக்காய்க்கு ஆள் அனுப்பவேண்டும் என்று இவரிடம் சொன்ன அடுத்த நாள் இமை கடித்தது. நாலைந்து நாளில் பழைய முகம் திரும்பி வந்தது. மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் சுகம், மறுபடியும் வீடு, மறுபடியும் வீக்கம். மூன்றாம் தரம் விறாந்தையின் கடைசிக் கட்டிலில் பையை வைத்தபோது, பக்கத்து மலேரியாக்காரி மெல்லமாகக் கேட்டாள்.

"மனுசன் அடிக்கிறவரோ?"

"அவரோ? என்ரை சத்தத்துக்கு அவர்தான் பயம்" என்றேன். ஆனால் மனதுக்குள் நொறுங்கிப் போனேன். வீட்டை நினைத்தாலே பயம் வந்தது. சொந்த வீட்டுக்குப் போகப் பயப்படுகிற ஒருத்தி பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பது?

டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"அக்கா, ஆஸ்பத்திரியிலை சுகம், வீட்டிலை வருத்தம். அப்ப காரணம் உங்கடை வீட்டிலைதான் இருக்கு."

வெயில் காரணமில்லை என்றார். வெயில் என்றால் அது படாத தாடைக்குக் கீழும் காதுக்குப் பின்னாலும் தப்பியிருக்குமாம். எனக்கு அங்கேதான் கூட. காற்றில் வருகிற, அல்லது தூசாகப் படிகிற ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது என்றார். சந்தேகமான பொருளில் துளித்துளி எடுத்து முதுகில் வைத்து, மேலே மூடி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுவது. ஒத்துவராத பொருள் வைத்த இடம் மட்டும் சிவந்து பொங்கும். அதற்கென்று விற்கிற சாமான்கள் வன்னிக்கு வருமா? சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சின்ன வட்டமாக வெட்டி, பிளாஸ்டர் போட்டு ஒட்டினார். பேனையால் பக்கத்தில் இலக்கம் எழுதினார்.

வீட்டில் நான் தொடுகிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். இவர் ஒரு உரப்பை நிறையக் கட்டிக்கொண்டு வந்தார். சவர்க்காரம் கிடைக்காமல் உடுப்புத் தோய்க்கிற பனம்பழக் களி, அடுப்புச் சாம்பல், மிளகாய், வெங்காயம், புகையிலை, மண்ணெண்ணெய், வைக்கோல், மாட்டுச் சாணம், திருநீறு, குங்குமம். என் தலையணைப் பஞ்சைக்கூடப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். என் முதுகு சந்தைக் கடை மாதிரி ஆனது. குளிக்கக் கூடாது, வேர்க்கக் கூடாது, குனியக் கூடாது. குப்புறக் கிடந்து விறாந்தைச் சீமெந்தில் எறும்பு போவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இரண்டாம் நாள் காலை குண்டு போடுகிற பொம்மர் வந்தது. வார்ட்டுக்குப் பக்கத்தில் பதுங்குவதற்குப் பங்கர் வெட்டியிருந்தார்கள். எல்லாரும் ஓடினார்கள், நானும் ஓடினேன். வாசலில் ஒரு அம்மா கையை நீட்டி மறித்தார்.

"நீ உள்ளுக்கு வராதை பிள்ளை. குழந்தையள் இருக்குதுகள்."

மேலே பொம்மர் சுற்றுகிறது. கீழே இவ்வளவு சனம் என் முகத்தைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறது. அந்த நேரத்தில் எனக்குக் குண்டுப் பயம் இருக்கவில்லை. வெட்கம்தான் இருந்தது. அப்போது உள்ளேயிருந்து ஒரு கை வந்து என் கையைப் பிடித்து இழுத்தது.

"வாங்கக்கா உள்ள. அவங்க கெடக்காங்க. எல்லாரும்தான் இங்க சாகப் போறோம், இதுல ஒட்டிக்கும்னு என்ன பயம்?"

பார்வதி. மலையகத்திலிருந்து, தமிழரை அடித்த கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பம். கூலிக்குத் தோட்ட வேலை செய்கிறவள். கையில் வருத்தம் என்று பெண்கள் வார்ட்டில் இருந்தாள். என்னைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன். என் கை மாதிரியே வெடித்திருந்தது. அந்த இருட்டில் இரண்டு பேரும் கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பங்கர்ப் புழுக்கத்தில் வேர்த்து என் முதுகுப் பிளாஸ்டர் எல்லாம் கழன்றுவிட்டது. டொக்டர் தலையில் கை வைத்தார். நாற்றுமேடையை வெள்ளம் கொண்டுபோனவர் மாதிரி நின்றார். மறுபடியும் முதலிலிருந்து ஒட்டினார். மறுபடியும் இரண்டு நாள் குப்புறக் கிடந்தேன். பிரித்துப் பார்த்தபோது ஒன்றுமே இல்லை. அடையாளத்துக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. இன்னும் இரண்டு நாள் விட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. முதுகு நன்றாக இருக்கிறதென்று அழுத பெண் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

இவர் அந்த நாட்களில் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். சாப்பிட்ட கோப்பையைக் கழுவி அறியாத மனுசன். என் சட்டைகளையும் பெட்சீற்றையும் வாய்க்காலில் தோய்த்து, கரைச் செடிகளின் மேல் விரித்துக் காயவைத்து, மடித்து, சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வருவார். யாரும் பார்க்காமல் தோய்க்கிறாராம். "காய்ஞ்ச வெயில் வாசம் அடிக்குது பார்" என்று நீட்டுவார். எனக்கு அந்தப் பெட்சீற்றில் முகத்தை வைத்துப் படுக்கும்போது கொஞ்சம் வீடு கிடைத்த மாதிரி இருக்கும்.

சோதனைக்காகக் குளிசையை நிறுத்தி அப்போது சில நாள். சோதனை முடிந்த மறுநாள் அவர் கொண்டுவந்ததை விரித்துப் படுத்தேன். காலையில் இடது கண் திறக்கவில்லை. இடது பக்கம் சரிந்து படுக்கிறவள் நான். இடது கன்னம்தான் வீங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே வந்துவிட்டது! நான் ஒப்பாரி வைத்தேன். டொக்டருக்கு என்னைவிட அந்த வீக்கத்தில்தான் அக்கறை. பெட்சீற்றை உருவிக்கொண்டுபோய் ஜன்னலடியில் பேப்பர் விரித்து உதறினார். மடிப்புக்குள்ளிருந்து காய்ந்த இலைத் துகளும் வெள்ளைப் பூ நொறுங்கலும் விழுந்தன.

"அக்கா, உதென்ன?"

"உது கரட் குழை. குப்பை."

"உதை ஏன் கொண்டுவந்து தரேல்லை?"

"நீங்கள் வீட்டுச் சாமான் எல்லே கேட்டனீங்கள்? உது பசளை."

டொக்டர் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு றோட்டுக்கரைக்கு ஓடினார்.

அன்றைக்கே ஒரு பச்சை இலையைக் கசக்கி என் முதுகில் வைத்து ஒட்டினார். பார்வதியின் முதுகிலும் ஒட்டினார். அவள் தோட்டம் தோட்டமாகப் போய் அந்தக் குழை வெட்டுகிறவள் என்று அப்போதுதான் கேட்டு அறிந்தார். தன்னுடைய கையிலும் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டார். அடுத்த நாளே எனக்கு அந்த இடம் கொதித்தது. பிரிக்கவும் முடியாது, சொறியவும் முடியாது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். பிரித்தபோது என் முதுகில் இலை வைத்த இடம் சிவந்து, நீர்க்கொப்புளம் போட்டு, வெள்ளித்தாள் அளவுக்கே வட்டமாக நின்றதாம். பார்வதிக்கும் அப்படியே. டொக்டருடைய கையில் ஒன்றும் இல்லை.

"இதுக்குப் பேர் பார்த்தீனியம்" என்றார். பிறகு அவர் ஓய்வு நாட்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் முழுக்க அலைந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த பெண்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். முகம், கழுத்து, கை. எல்லாரும் குழை சுமந்தவர்கள். துணுக்காய்ப் பக்கமிருந்து வருகிற நோயாளிகளையும் விசாரித்தார். அங்கே அந்தச் செடியும் இல்லை, இந்த வருத்தமும் இல்லை.

டொக்டர் இவருக்கும் சொன்னார். இவருக்குக் கோபம் வந்தது.

"உது விசர்க் கதை டொக்டர். நான் அதுக்குள்ளை நிண்டு மிதிக்கிறனான். எனக்கு ஒண்டும் இல்லையே? எனக்கும் ஒட்டிப் பாருங்கோ."

ஒட்டினார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் முதுகு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இவர் சட்டையைப் போடாமலே விறாந்தையில் நடந்து மலேரியாக்காருக்கெல்லாம் முதுகைக் காட்டினார்.

டொக்டர் அவரை இருத்தி விளங்கப்படுத்தினார். இது நஞ்சு மாதிரி இல்லையாம், தொட்ட எல்லாரையும் கடிக்காதாம். சிலருடைய உடம்பு அதைக் கன நாள் பொறுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் இனி முடியாது என்று தீர்மானிக்கும். அதற்குப் பிறகு ஒரு துகள் பட்டாலும் கொந்தளிக்கும். ஒருதரம் அப்படி ஆனால் பழையபடி திரும்பாது. தொத்தாது, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வராது.

"உங்களுக்கு வராமலே போகலாம் அண்ணை. நாளைக்கே வரவும் கூடும்."

இவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"அப்ப பிழை செடியிலை இல்லை. இவளிலைதான்."

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஓம், என்னிலைதான் பிழை! பேந்தென்ன, என்னை வெட்டித் தாழுங்கோ. மிளகாய் நல்லாய் வரும்."

 இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில நாள் வரவேயில்லை. நான் ரோசத்தில் யாரையும் கேட்கவில்லை. ஆனால் சைக்கிள் மணி கேட்டபோதெல்லாம் எழும்பிப் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வந்தபோது அவருடைய விரல்கள் பச்சைக் கறை பிடித்திருந்தன. நகக்கண்ணில் மண்.

"வீட்டு முத்தம் முடிஞ்சுது. வரம்பு முடிஞ்சுது. இனி வாய்க்கால் கரை கிடக்கு. வேரோடை பிடுங்கிக் கிடங்கிலை மூடுறன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

சங்கக் கூட்டத்திலும் எழும்பிச் சொன்னாராம். தான் காட்டிக்கொடுத்த பசளையை விடச் சொல்லித் தானே சொல்வது லேசான காரியமா? சண்டைக்கு வந்தார்களாம். யூரியாவும் இல்லை, குழையும் இல்லையென்றால் எதைத் தின்பது, உன்ரை பெண்சாதிக்குக் கடிக்குதென்று ஊர் பட்டினி கிடக்கிறதோ என்று கேட்டார்களாம். அவர்கள் கேட்டதிலும் பிழை சொல்ல முடியாது. இவர் ஒருவர்தான் பிடுங்கினார். டொக்டர் கையை மூடச் சொன்னார் என்று கையில் பிளாஸ்டிக் சொப்பிங் பையைக் கட்டிக்கொண்டு பிடுங்கிப் பார்த்தாராம். வேர்க்கிறது என்று கழற்றி எறிந்துவிட்டாராம்.

பார்வதி எனக்கு முதலே ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்குப் போனாள். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"கையில துணி சுத்திக்கிட்டு வெட்ட வேண்டியதுதான். வேற வேலை யாரு குடுக்கிறாங்கக்கா? நீங்க காணிக்காரங்க, பிடுங்கிப் போடுவீங்க."

அவள் குத்திக் காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னாள்.  அவளுடைய கை என்ன ஆனதோ, இன்றுவரை தெரியாது.

நான் வீட்டுக்கு வந்தேன். முற்றம் மொட்டையாக, கோயில் வீதி மாதிரிச் சுத்தமாக இருந்தது. ஒரு கிழமை போனது. இமை கடிக்கவில்லை. இரண்டு கிழமை போனது. குளிசையைக் குறைத்தும் முகம் முகமாகவே இருந்தது. காற்று அடிக்கிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். தலையில் துணி கட்டாமல் கிணற்றடிக்குப் போவதில்லை. சிறையில் இருக்கிற மறியல்காரி மாதிரித்தான், ஆனால் என்னுடைய வீட்டில். பிள்ளையைக் கொண்டுவரச் சொல்லி மச்சாளுக்குச் செய்தி அனுப்பினோம்.

அவர்கள் வருகிற காலையில் புட்டு அவித்து வைத்தேன். இவர் குசினி வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்று கண்ணைக் கசக்கினார். என்ன என்று கேட்டேன். "புகை" என்றார். அடுப்பு அணைந்து கன நேரம். ஆனால் அன்றைக்கு நான் எதையும் யோசிக்கிற நிலையில் இல்லை.

வாசல் படலை திறந்தது. சுகந்தி வளர்ந்திருந்தாள். மச்சாள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். அவருடைய முகம் தெளிந்தது. "அம்மாளாச்சி கண் திறந்திட்டாள்" என்றார். முதல் தரமாகப் படியேறினார். பிறகு திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"தம்பி, உனக்கென்ன முகத்திலை?"

அப்போதுதான் நானும் வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டு இமையும் ஊதி, ஓரம் சிவந்து கிடந்தது. விரல் இடுக்குகள் வெடித்திருந்தன. எனக்குத் தொடங்கியது அப்படியேதான். 

"நான் அண்டைக்கே சொன்னனான்!" மச்சாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு படியிறங்கினார். "தொத்துவருத்தம் எண்டு சொன்னனான். இப்ப என்ரை தம்பிக்கும் தொத்தீட்டுது. மலர், உனக்கு மனச்சாட்சி இருக்கோ?"

 என்ன சொல்லி நம்பவைப்பது? பஞ்சு, காதுச் சோணை, வெள்ளித்தாள், எல்லாச் சோதனையும் சொன்னதை இவருடைய இமை ஒன்றே பொய்யாக்கிவிட்டதே!

இவர்தான் முற்றத்துக்கு இறங்கினார். என்னுடைய பதினொரு வருசக் குடித்தனத்தில் தமக்கைக்கு எதிர்க்கதை சொல்லாத மனுசன்.

"அக்கா, இஞ்சை என்ரை கையைப் பார். இது இவளாலை வந்ததில்லை. இந்த முத்தத்திலை, வரம்பிலை, வாய்க்கால் கரையிலை நிண்ட கரட் குழை எல்லாத்தையும் இந்தக் கையாலைதான் பிடுங்கினனான். டொக்டர் சொன்னவர் வரும் எண்டு. நான் கேக்கேல்லை. தாழ்க்கச் சொல்லிக் குடுத்ததும் நான்தான். இவளைப் பேசாதை."

மச்சாள் அழத் தொடங்கினார். பிடி தளர்ந்தது. "எனக்கென்னடா தெரியும் உந்தக் குழையைப் பற்றி" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "இந்தா, உன்ரை பிள்ளை. வைச்சிரு. நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பிள்ளை பக்கத்தில் இல்லை. பெரியவர்கள் சண்டை பிடிப்பதைப் பார்த்துப் பயந்து வேலிப் பக்கம் போயிருக்கிறாள். வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காணி. அங்கே இடுப்பளவுக்குக் கரட் குழை வெள்ளையாகப் பூத்து நின்றது. கம்பிக்கு இடையால் கையை விட்டு இரண்டு கையும் கொள்ளாமல் பூப்பிடுங்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, இந்தாங்கோ! உங்களுக்கு!"

நான் பின்னால் நகர்ந்தேன். அவள் இன்னும் ஓரடி வந்தாள். நான் இன்னும் ஓரடி நகர்ந்து சுவரோடு முட்டி நின்றேன். அவளுடைய முகம் சுருங்கியது. கையில் ஒன்றும் இல்லை, இமையில் ஒன்றும் இல்லை, மினுமினுவென்று இருந்தாள். எனக்கும் ஒரு போகம் முழுக்க அப்படித்தான் இருந்தது. இவருக்கும் அப்படித்தான் இருந்தது. துணுக்காயில் அந்தச் செடி இல்லை.

"மச்சாள்" என்றேன். "கிணத்தடிக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிள்ளையின்ரை கையை நல்லாய்க் கழுவிவிடுங்கோ. சட்டையையும் மாத்துங்கோ. புட்டு அவிச்சிருக்கிறன், தின்னக் குடுங்கோ."

மச்சாள் தலையாட்டினார்.

"பின்னேர பஸ்ஸுக்குத் திரும்பக் கொண்டுபோங்கோ."